சக்திச் சக்கரம் கண்ட சர் ஹான்ஸ் கிரெப்ஸ்

பரிசளிப்பு விழா மலர் என்றால் காந்தியடிகள், எடிசன், கியூரி அம்மையார் என்று நமக்குப் பழகிய பெரியவர்களில் ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பு கட்டாயம் இருக்கும். இவ்வாண்டு நான் வேறொருவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். நம் பள்ளியை விட்டுப் போய் ஆறாம் படிவத்தில் உயிரியல் எடுத்த பிள்ளைகள், விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போது கிரெப்ஸ் சுழற்சி என்று ஒன்றைச் சொல்லிச் சலித்துக்கொள்வார்கள். இத்தனை அமிலங்களின் பெயரை யார்தான் மனப்பாடம் பண்றது என்று கேட்பார்கள். அந்தச் சுழற்சிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். வேலையை இழந்து, பிறந்த நாட்டை இழந்து, சில மரப்பெட்டிகளிலும் கண்ணாடிக் குழாய்களிலும் மிச்சமிருந்த வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிய மனிதர். அவருடைய கதையோடு சேர்த்துப் படித்தால் அமிலங்களின் பெயர்கூட அவ்வளவு கசக்காது என்பது என் எண்ணம்.

மாணவச் செல்வங்களே, முதலில் அவர் தேடியது என்ன என்று பார்த்துவிடுவோம். நாம் காலையில் பசியாறும் ரொட்டியும், மத்தியானம் சாப்பிடும் சோறும் வயிற்றில் செரித்துக் குளுக்கோஸ் என்ற சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. விளையாட்டுப் போட்டியன்று 200 மீட்டர் ஓடப்போகிற பிள்ளைகள் குளுக்கோஸ் மாவை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த மாவைத்தான் சொல்கிறேன். ஒரு கரண்டிச் சீனியை நெருப்பில் போட்டால் குப்பென்று எரியும். உள்ளே இருந்த சக்தி முழுவதும் ஒரே நேரத்தில் சூடாகப் போய்விடும். மிஞ்சுவது கரியமில வாயுவும் நீரும். நம் உடம்புக்குள்ளும் கடைசியில் அதே கரியமில வாயுவும் நீரும்தான் மிஞ்சுகின்றன. ஆனால் உடம்பில் நெருப்பு இல்லை. 37 பாகைச் சூட்டில், சத்தமில்லாமல், அந்தச் சர்க்கரை எரிகிறது. எப்படி எரிகிறது? 1930-ஆம் ஆண்டு வாக்கில் விஞ்ஞானிகளுக்குத் தொடக்கம் தெரியும், முடிவும் தெரியும். நடுவில் உள்ள வழிதான் இருட்டாகக் கிடந்தது.

ஹான்ஸ் அடோல்ஃப் கிரெப்ஸ் 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் என்ற பழைய ஊரில் பிறந்தார். தந்தையார் கியோர்க் கிரெப்ஸ் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். யூத வம்சத்துக் குடும்பம். மூன்று பிள்ளைகளில் ஹான்ஸ் நடுப்பிள்ளை. மகனும் தம்மைப்போலவே மருத்துவராகித் தம் தொழிலை ஏற்று நடத்த வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனும் அப்படியே நினைத்துத்தான் படித்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் 1918-இல் பட்டாளத்துக்கு அழைத்துவிட்டார்கள். நல்லவேளையாக இரண்டு மாதத்தில் முதல் உலகப்போர் முடிந்து வீடு திரும்பினார். பிறகு கோட்டிங்கன், ஃபிரைபர்க், மியூனிக், பெர்லின் என்று பல ஊர்களில் மருத்துவம் படித்து, 1925-இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

படிக்கப் படிக்க, நோயாளியின் தொண்டையைப் பார்ப்பதைவிட உயிரணுவுக்குள் எட்டிப்பார்க்கும் ஆசை அவருக்கு அதிகமாகிவிட்டது. 1926-இல் பெர்லினில் டாலெம் என்னும் இடத்தில் ஓட்டோ வார்பர்க் என்ற மாமேதையிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வார்பர்க் சாதாரண ஆள் இல்லை. உயிரணுக்கள் பிராணவாயுவை எப்படிப் பயன்படுத்துகின்றன என்ற ஆராய்ச்சிக்காக 1931-இல் நோபல் பரிசு பெற்றவர். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு! நான்கு ஆண்டுகள் அவரிடம் இருந்த கிரெப்ஸ் 1930-இல் வெளியேற வேண்டியதாயிற்று. ஆராய்ச்சித் துறையில் இவர் பெரிதாக வருவார் என்ற நம்பிக்கை குருவுக்கு ஏற்படவில்லை. மருத்துவமனை வேலைக்கே திரும்பிப் போகும்படி சொல்லிவிட்டார். தந்தையும் தம் மகனுக்கு அதுதான் சரி என்று நினைத்தார். இருபக்கமும் இப்படி என்றால் ஒரு மனிதன் என்ன செய்வது? கிரெப்ஸ் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளைக் கவனித்து முடித்த பிறகு ஆராய்ச்சி செய்தார்.

குருவிடமிருந்து அவர் கொண்டுவந்த பெரிய சொத்து ஓர் அளவுக் கருவி. அதற்கு மானோமீட்டர் என்று பெயர். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே காரணம். சிறிய கண்ணாடிக் குடுவை ஒன்று. அதோடு இணைந்து வளைந்த குழாய் ஒன்று, அதற்குள் நிறமூட்டிய நீர். எலியின் ஈரலையோ சிறுநீரகத்தையோ ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத மெல்லிய சீவலாக வெட்டிக் குடுவைக்குள் போடுவார்கள். வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் குடுவை ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சீவல் சில மணி நேரம் உயிரோடு இருந்து மூச்சு விடும்! அது பிராணவாயுவை இழுக்க இழுக்கக் குழாயில் நீர்மட்டம் நகரும். வெளியே விடும் கரியமில வாயுவைக் குடுவைக்குள் இருக்கும் காரம் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நீர்மட்டத்தைப் படித்தால் எவ்வளவு பிராணவாயு செலவானது என்று கணக்குச் சொல்லிவிடலாம். ஏதாவது ஒரு பொருளைக் குடுவையில் சேர்த்துவிட்டு, மூச்சு கூடுகிறதா குறைகிறதா என்றும் பார்க்கலாம். ஒரு பொருள், ஓர் அளவு. மறுபடி இன்னொரு பொருள், இன்னொரு அளவு. பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஆகாத வேலை.

1932-இல் ஃபிரைபர்க் நகரில் கர்ட் ஹென்செலைட் என்ற மருத்துவ மாணவரோடு சேர்ந்து கிரெப்ஸ் இந்தப் பொறுமைக்குப் பலன் கண்டார். நம் ஈரல், உடம்பில் சேரும் அம்மோனியா என்ற நச்சை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. அது எப்படி நடக்கிறது என்று தேடிப் பல பொருள்களை ஈரல் சீவலோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஓர்னிதின் என்ற பொருளைச் சேர்த்ததும் யூரியா மளமளவென்று உற்பத்தியானது. வியப்பு என்னவென்றால், சேர்த்த ஓர்னிதினைவிட உண்டான யூரியா பல மடங்கு அதிகம். ஓர்னிதினோ குறையவே இல்லை. அப்படியானால் அது செலவாகவில்லை, ஒரு சுற்றுச் சுற்றித் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. உயிரணுவுக்குள் வேலை நேர்க்கோட்டில் மட்டும் நடக்காது, வட்டமாகவும் நடக்கும் என்று உலகம் அப்போதுதான் அறிந்தது. 32 வயதில் கிரெப்ஸின் பெயர் எங்கும் பரவியது.

பெயர் பரவி ஓராண்டு ஆகவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில், யூத வம்சத்தவர்களை அரசாங்க வேலைகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. அதே மாதத்தில் கிரெப்ஸுக்கு வேலைநீக்கக் கடிதமும் வந்தது. திறமைக் குறைவு என்று யாரும் சொல்லவில்லை. தாத்தா பாட்டி யார் என்பதை வைத்து ஒரு மனிதரின் மேசையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நின்றுதான் போகிறது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சர் ஃபிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் இருந்தார். வைட்டமின் ஆராய்ச்சிக்காக 1929-இல் நோபல் பரிசு பெற்றவர். யூரியா ஆராய்ச்சியைப் படித்து மகிழ்ந்திருந்த அவர் கிரெப்ஸை அழைத்துக்கொண்டார். ராக்ஃபெல்லர் அறநிறுவனம் பண உதவி செய்தது. ஜெர்மனியிலிருந்து கிரெப்ஸ் அதிகமாக எதையும் கொண்டுபோக முடியவில்லை. ஆனால் மானோமீட்டர் கருவிகளை எடுத்துச் செல்ல மட்டும் அனுமதி கிடைத்தது. 1933-ஆம் ஆண்டின் நடுவில் கேம்பிரிட்ஜில் பெட்டிகளைப் பிரித்துக் குழாய்களை நிமிர்த்தி வைத்தார். 1935-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஷெஃபீல்டு இரும்பாலைகள் நிறைந்த புகை ஊர். கேம்பிரிட்ஜின் பேரும் புகழும் அதற்குக் கிடையாது. இருந்தாலும் அங்கே இடம் இருந்தது, வேலை செய்ய நேரம் இருந்தது.

இனிக் குளுக்கோஸ் கதைக்கு வருவோம். குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றில் 6 கரி அணுக்கள் உள்ளன. உயிரணு அதை முதலில் இரண்டாக உடைக்கிறது. 10 படிகளில் நடக்கும் இந்த வேலைக்குப் பிராணவாயு தேவையில்லை. முடிவில் 3 கரி அணுக்கள் கொண்ட பைருவிக் அமிலம் இரண்டு கிடைக்கும். ஜெர்மனியில் எம்டன், மேயர்ஹாஃப் முதலானவர்கள் 1930-களில் இந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வந்தார்கள். இதில் உயிரணுவுக்கு நிகர லாபம் 2 ஏ.டி.பி. மட்டுமே. ஏ.டி.பி. என்பது சில்லறைக் காசு மாதிரி. பள்ளி வாசலில் ஐஸ்கிரீம்காரரிடம் 50 வெள்ளி நோட்டை நீட்டினால் அவர் முகத்தைச் சுளிப்பார் அல்லவா? தசைநாரும் அப்படித்தான். குளுக்கோஸ் பெரிய நோட்டு, அதை மாற்றிச் சில்லறையாகக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். இந்த ஏ.டி.பி.யை 1929-இல் ஜெர்மனியில் லோமான் என்பவரும், அமெரிக்காவில் ஃபிஸ்கே, சுப்பாராவ் என்ற இருவரும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். இந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆந்திரத்துப் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதராடை கட்டிய காரணத்தால் முழுப் பட்டம் கிடைக்காமல் குறைந்த தகுதிச் சான்றிதழோடு வெளியேறியவர் அவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

இரண்டு சில்லறையை வைத்துக்கொண்டு மனிதன் வாழ முடியுமா? பைருவிக் அமிலத்துக்குள் இன்னும் ஏராளமான சக்தி அடைபட்டுக் கிடக்கிறது. அது பிராணவாயுவோடு சேர்ந்து எப்படி எரிகிறது என்பதே கேள்வி.

ஹங்கேரி நாட்டு ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி புறாவின் மார்புத் தசையை வைத்து ஒரு துப்புக் கொடுத்திருந்தார். நாள் முழுவதும் சிறகடிக்கும் தசை அல்லவா, அது நன்றாக மூச்சு வாங்கும். சக்சினிக் அமிலம் ஃபியூமரிக் அமிலமாகி, ஃபியூமரிக் மாலிக் ஆகி, மாலிக் ஆக்சாலோ அசெட்டிக் அமிலமாகிறது. இவற்றில் எதையாவது கொஞ்சம் சேர்த்தாலும் தசையின் மூச்சு மிகவும் கூடுகிறது என்று அவர் காட்டினார். 1937-இல் மார்ட்டியஸ், நூப் என்ற இருவர் இன்னொரு துண்டைக் கண்டார்கள். எலுமிச்சையில் புளிக்கிறதே அந்தச் சிட்ரிக் அமிலம் உடைந்து ஆல்பா கீட்டோ குளூட்டாரிக் அமிலமாகிறது. அதிலிருந்து சக்சினிக் அமிலம் வரும் என்பது முன்பே தெரியும். ஆக ஒரு நீண்ட பாதை கிடைத்துவிட்டது. ஆனால் அது எங்கிருந்து தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது?

கிரெப்ஸும் அவருடைய மாணவர் வில்லியம் ஜான்சனும் புறாத் தசையை நறுக்கி மானோமீட்டரில் போட்டார்கள். சிட்ரிக் அமிலம் சிறிது சேர்த்ததும், அது எரிவதற்குத் தேவையானதைவிட எவ்வளவோ அதிகமாகப் பிராணவாயு செலவானது. கிரெப்ஸுக்கு ஓர்னிதின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். போட்டது குறையாமல் வேலை மட்டும் நடக்கிறதென்றால், சுற்று எங்கோ இருக்கிறது.

அடுத்துச் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாலோனிக் அமிலம் என்று ஒரு நச்சு உண்டு. (மாலிக் வேறு, மாலோனிக் வேறு, குழம்ப வேண்டாம்.) அது சக்சினிக்கிலிருந்து ஃபியூமரிக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடும். நம் தோட்டத்து மண் சாலையில் ஒரு கேட்டைப் போட்டுப் பூட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு முன்னால் சக்சினிக், கேட்டைத் தாண்டினால் ஃபியூமரிக், மாலிக், ஆக்சாலோ அசெட்டிக். இப்போது கேட்டுக்கு அந்தப் பக்கம், ஆக்சாலோ அசெட்டிக் அமிலத்தை இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கேட்டுக்கு இந்தப் பக்கம் சக்சினிக் அமிலம் குவிந்து கிடக்கிறது! கேட் திறக்கவில்லை. பின்னே எப்படி வந்தது? சாலை தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்வழியாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான். அந்தப் பின்வழிதான் சிட்ரிக் அமிலம். ஆக்சாலோ அசெட்டிக் அமிலத்தையும் பைருவிக் அமிலத்தையும் தசையோடு சேர்த்து வைத்தபோது சிட்ரிக் அமிலம் உண்டாவதையும் கண்டார்கள். வட்டம் மூடிவிட்டது.

கரி அணுக்களை எண்ணிப் பார்த்தால் இதன் அழகு புரியும். 3 கரி அணு கொண்ட பைருவிக், ஒரு கரி அணுவைக் கரியமில வாயுவாக விட்டுவிட்டு 2 ஆகிறது. அந்த 2, ஆக்சாலோ அசெட்டிக்கின் 4-உடன் சேர்ந்து 6 கொண்ட சிட்ரிக் ஆகிறது. சுற்றும் வழியில் ஒன்று கழன்று 5, இன்னொன்று கழன்று 4. பழைய ஆக்சாலோ அசெட்டிக் மீண்டும் தயாராக நிற்கிறது, அடுத்த 2-ஐ ஏற்றிக்கொள்ள. ஒரு குளுக்கோஸுக்கு இந்தச் சக்கரம் இரண்டு முறை சுற்றும். அதோடு அதன் 6 கரி அணுக்களும் கணக்குத் தீர்ந்துவிடும். நாம் வெளியே விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவில் பெரும்பகுதி இந்தச் சக்கரத்தில் கழன்று விழுந்ததுதான். நெஞ்சில் கைவைத்து ஒரு மூச்சு விட்டுப் பாருங்கள்!

1937 ஜூன் மாதம் கிரெப்ஸ் இதைச் சுருக்கமாக எழுதி, இலண்டனின் புகழ்பெற்ற ‘நேச்சர்’ சஞ்சிகைக்கு அனுப்பினார். நான்கே நாளில் பதில். கையில் ஏழெட்டு வாரத்துக்குப் போதுமான கடிதங்கள் இருப்பதால் வெளியிட இயலாது, தாமதம் பரவாயில்லை என்றால் வைத்துக்கொள்கிறோம் என்று பொருள்பட எழுதியிருந்தார்கள். அதுவரை 50-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதியிருந்த அவருக்கு, ஒரு கட்டுரை திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. கிரெப்ஸ் காத்திருக்கவில்லை. விரித்து எழுதி ஹாலந்து நாட்டின் ‘என்சைமோலோஜியா’ என்ற சஞ்சிகைக்கு அனுப்பினார், அதே ஆண்டு வெளிவந்தது. அந்தக் கடிதத்தை அவர் கிழித்துப் போடவில்லை, பத்திரமாக வைத்திருந்தார். கொஞ்சம் வேடிக்கை உணர்வும் இருந்திருக்கும் போலிருக்கிறது.

1938-இல் மார்கரெட் ஃபீல்டுஹவுஸ் என்ற மங்கையை மணந்தார். இரண்டு மகன்கள், ஒரு மகள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், மனிதனுக்கு வைட்டமின் ஏ, சி எவ்வளவு தேவை என்று தொண்டர்களை வைத்து ஆராய்ந்தார். 1945-இல் பேராசிரியர் ஆனார்.

சக்கரத்தில் ஓர் ஓட்டை மட்டும் பாக்கி இருந்தது. பைருவிக்கிலிருந்து வரும் அந்த 2 கரி அணுத் துண்டு எந்த உருவில் சக்கரத்துக்குள் ஏறுகிறது? ஃபிரிட்ஸ் லிப்மன் என்பவரும் ஜெர்மனியில் பிறந்த யூதர், அவரும் நாட்டை விட்டு அமெரிக்காவுக்குப் போனவர். 1945-ஐ ஒட்டிக் ‘கோஎன்சைம் ஏ’ என்ற சுமைதூக்கியை அவர் கண்டுபிடித்தார். 1951-இல் லைனன் என்ற ஜெர்மானியர், அந்தத் துண்டு இதன் தோளில் ஏறித்தான் வருகிறது என்று நிரூபித்தார். 1953-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை கிரெப்ஸும் லிப்மனும் பகிர்ந்துகொண்டார்கள். ஆராய்ச்சிக்குத் தகுதி போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு, குருவுக்குக் கிடைத்த அதே பரிசு. 1958-இல் பிரிட்டிஷ் அரசியார் சர் பட்டம் அளித்தார்.

அப்படியானால் சில்லறை எங்கே என்று கேட்பீர்கள். சக்கரம் நேரடியாகத் தருவது சுற்றுக்கு ஒன்றுதான். அதன் முக்கிய வேலை, சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றிச் சுமைதூக்கி மூலக்கூறுகளிடம் ஒப்படைப்பது. அந்த ஹைட்ரஜன் படிப்படியாக இறங்கிவந்து பிராணவாயுவோடு சேர்ந்து நீராகிறது. இறங்கும் வேகத்தில் பெரும்பாலான ஏ.டி.பி. உண்டாகிறது. இவை எல்லாம் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணிய அறைகளில் நடக்கின்றன. எப்படி உண்டாகிறது என்பதற்கு 1961-இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் புதுவிளக்கம் சொன்னார். அணைக்கட்டில் நீரைத் தேக்கி மின்சாரம் எடுப்பது போலத்தான் என்றார். பலர் நம்பவில்லை, 1978-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பழைய பாடநூல்களில் ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி. என்று இருக்கும். இப்போதைய கணக்கு ஏறத்தாழ 30 முதல் 32 வரை. பிராணவாயு இல்லாமல் கிடைத்த 2 எங்கே, இது எங்கே! 200 மீட்டரில் கடைசித் திருப்பத்தில் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு ஓடுவதற்கு அர்த்தம் இதுதான்.

1954 முதல் 1967 வரை கிரெப்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1957-இல் ஹான்ஸ் கோர்ன்பர்க் என்பவரோடு சேர்ந்து, நுண்ணுயிர்களிலும் முளைக்கும் விதைகளிலும் நடக்கும் இன்னொரு வட்டத்தையும் கண்டறிந்தார். இவரோடு மூன்று வட்டம்! ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்காரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனை ஒன்றிலிருந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு, இன்னும் 14 ஆண்டுகள் போய்வந்துகொண்டே இருந்தார். 1981-இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

அவருடைய நோபல் பதக்கத்தைப் பிள்ளைகள் அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. 2015-இல் இலண்டனில் ஏலத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணம் அவர் பெயரில் உள்ள அறநிதிக்குப் போயிற்று. இளம் ஆராய்ச்சி மாணவர்களுக்கும், சொந்த நாட்டை விட்டு ஓடிவர நேர்ந்த விஞ்ஞானிகளுக்கும் உதவுவதற்காக.